லாபம், ரெண்டு, மூணு

திருக்கோவிலூரில் ஒரு தானிய மண்டியில் கணக்கெழுதுகிறவன் நான். சென்ற வருஷம் எங்களுக்கு ஒரு படிவம் வந்தது. ஒரு தொழில் தன்னுடைய ‘டிஜிட்டல் பொருளாதார’த்தை எவ்வளவு தூரம் வளர்த்திருக்கிறது என்று அளப்பது அதன் நோக்கம். வியாபாரத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு கம்ப்யூட்டர், செல்போன் வழியாக நடக்கிறது என்று ஒரு கட்டம். 70 என்று எழுதினேன். பொய் என்று சொல்ல முடியாது. ரசீது கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. பணம் பெரும்பாலும் யுபிஐயில் போகிறது. தராசுகூட எலக்ட்ரானிக் தராசு. ஆனாலும் அந்த எண்ணை எழுதிய கணத்திலிருந்து மனசில் ஒரு சங்கடம்.

எங்கள் ஊர்ச் சாமி உலகளந்தவர். அவருக்கு அளப்பதில் பிரச்சினை இருந்ததாகத் தெரியவில்லை, மாவலிக்குத்தான் இருந்தது. என் தாத்தா களத்தில் நெல் அளந்து பார்த்திருக்கிறேன். முதல் மரக்காலுக்கு ‘ஒண்ணு’ என்று சொல்ல மாட்டார். ‘லாபம்’ என்பார். பிறகுதான் ரெண்டு, மூணு. பல ஊர்களிலும் இருந்த வழக்கம்தான். மூடநம்பிக்கை என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். இப்போது எனக்கு வேறாகப் படுகிறது. எண் தொடங்கும் முன்பே அளப்பவனின் விருப்பம் அளவுக்குள் புகுந்துவிடுகிறது என்பதைத் தாத்தா ஒளிக்கவில்லை. உரக்கச் சொல்லிவிட்டு அளந்தார். புள்ளிவிவரமும் ‘லாப’த்தில்தான் தொடங்குகிறது, வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மத்திய அரசின் மின்னணு அமைச்சகம் 2025 ஜனவரியில் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2022-23இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் டிஜிட்டல் பொருளாதாரத்தின் பங்கு 11.74 சதவிகிதம், ரூபாயில் 31.64 லட்சம் கோடி. அதில் வேலை பார்ப்பவர்கள் நாட்டின் உழைப்பாளிகளில் 2.55 சதவிகிதம். இந்த இடைவெளியை அறிக்கை உற்பத்தித்திறன் என்று வாசிக்கிறது. எவ்வளவு சொற்பமான ஆட்கள் என்று நான் வாசிக்கிறேன். எண் ஒன்றுதான். பழைய தொழில்களில் வங்கி, சில்லறை வணிகம், கல்வி ஆகியவற்றை அது தனியே எடுத்துக்கொண்டது, விவசாயத்தை எடுக்கவில்லை. இதற்காக எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எல்லை வகுக்காமல் எதையும் அளக்க முடியாது. அமெரிக்காவில் தேசிய வருமானக் கணக்கை வகுத்துக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸே, அந்த எண்ணிலிருந்து ஜனங்களின் நல்வாழ்வை ஊகித்துவிட முடியாதென்று 1934இல் எச்சரித்தார். எண் நிலைத்தது, எச்சரிக்கை நிலைக்கவில்லை.

எல்லைக்கு வெளியே நிற்பவரைப் பற்றித்தான் என் கேள்வி. ஒரு கிழவி வருஷா வருஷம் எங்களிடம் மல்லாட்டை கொண்டுவந்து போடுகிறாள். முன்பெல்லாம் நோட்டை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். இப்போது பணம் பெங்களூரில் இருக்கும் பையனின் கணக்குக்குப் போகிறது. ரசீதிலும் அவன் பெயர்தான்.

“எவ்வளவு போட்டீங்கன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடு தம்பி.”

“உங்க பையன் போனுக்கு மெசேஜ் போயிருக்கும், ஆயா.”

“அவனுக்குப் போயிருக்கும். எனக்கு?”

தராசு விஷயத்தில் அவளுக்குப் புதியதுதான் பிடிக்கும். பழைய தராசில் என்ன நடந்தது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே பழமைக்காக நான் அழவில்லை. ஆனால் படிவத்தின் கணக்கில் அந்த வியாபாரம் முழுக்க டிஜிட்டல். உழுது, பறித்து, காயவைத்து, மூட்டையோடு வந்தவள் அதில் எங்கும் இல்லை. எழுபதை எழுபதாக்கியதில் அவள் இல்லாமையும் சேர்ந்திருக்கிறது. இல்லாமல் போவதற்கு ‘வளர்ச்சி’ என்று பெயரிட்டது என் கைதான்.

முதலாழ்வார்கள் மூவரும் மழை இரவில் ஒதுங்கிய இடைகழி இந்த ஊரில் என்பது வைஷ்ணவ மரபு. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். அந்த இடத்துக்கு அடிக்கணக்கு யாரும் சொல்லவில்லை. யாருக்காக யார் எழுந்து நின்றார் என்பதே அளவு. பிறகு, இருட்டில், நாலாவதாக ஒருவர் நெருக்குவது தெரிந்தது. எண்ணிக்கை மூன்று, நெருக்கம் நாலு பேருடையது. அது பெருமாள் என்பார்கள். எனக்குப் பக்தி கிடையாது. அந்த நெருக்கம் மட்டும் மண்டியில் தெரிகிறது.

இந்த வருஷமும் படிவம் வந்தது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பினேன். பூர்த்தி செய்யும்படி திரும்பி வந்தது. முதலாளி பழைய நகலை எடுத்துப் பார்த்து, “போன தடவைக்குக் குறையக்கூடாதுப்பா” என்றார். 75 என்று எழுதினேன். மேஜையில் கிழவிக்காக எழுதிவைத்த சீட்டு, அவள் இன்னும் வந்து வாங்காமல் கிடந்தது.