இரக்கம் பாடம் நடத்தாது

பார்வையற்றவருக்குத் தொழில் கற்பிக்க முன்வருவதே பெரிய தர்மம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பார்வையின்மை முன்வினைப் பயன், உதவுவது நமக்குப் புண்ணியம் என்ற நம்பிக்கை அதற்குத் துணை நிற்கிறது. கற்பித்தலைத் தானமாகக் கொண்டுவிட்டால், கொடுத்தது எவ்வளவு குறைந்தாலும் பெற்றவர் வாய் திறக்க முடியாது. ஆனால் கற்பித்தல் தானமன்று, கடன். தன்னைத் தயார்செய்துகொள்ளாமல் வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர், எத்தனை அன்பானவராயினும், அந்தக் கடனைத் தீர்த்தவராகமாட்டார்.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் நல்லாசிரியருக்கு மட்டுமல்ல, ஆசிரியராகத் தகாதவருக்கும் இலக்கணம் வகுத்தார். மாணவர் எவ்வழியில் ஏற்றுக்கொள்வார் என்பதை அறிந்தே பாடம் சொல்லவேண்டும் என்றும் விதித்தார். இந்த அளவுகோலை இன்றைய தொழிற்பயிற்சி வகுப்பில் வைத்துப் பார்க்கலாம். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் கொண்டு கணினி கற்பவர் பெரும்பாலும் மவுஸைத் தொடுவதில்லை. விசைப்பலகைக் குறுக்குவிசைகளே அவருக்கு வழி. அவரிடம் “அந்தப் படத்தை கிளிக் செய்” என்பது பாடமே அல்ல. தையலிலும் மின்பழுதிலும் “இங்கே பார், இப்படிச் செய்” என்பதும் அவ்வாறே. தன் கைமேல் மாணவரின் கையை வைக்கச் சொல்லி அசைவை உணர்த்துவது, தடவி அறியும் குறியிட்ட அளவுநாடாவைப் பயன்படுத்துவது, ஒவ்வொரு படியையும் சொல்லால் விளக்குவது ஆகியவை கற்றுக்கொள்ளக்கூடிய முறைகள்தாம். இவற்றை அறியாதவரிடம் மாணவர் தோற்றால், ஆசிரியரின் குறை மாணவரின் இயலாமையாகப் பதிவாகிறது. நாற்காலிப் பின்னலும் மெழுகுவத்தியும் போதும் என்று பார்வையற்றோரை நெடுங்காலம் நாம் ஒதுக்கிவைத்ததில், அவர்களின் வரம்பைவிட நம் கற்பிக்கும் திறனின் வரம்பே அதிகம் தெரிகிறது.

ஐ.டி.ஐ. பயிற்றுநருக்குத் தொழில் தெரியும், பிரெயில் தெரியாது. சிறப்பாசிரியருக்குப் பிரெயில் தெரியும், தொழில் தெரியாது. யாரும் சொல்லித்தராததற்கு அவர்களைக் குறைகூறலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதையும் பொதுத் தொழிற்பயிற்சித் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சேர்ப்பதையும் அரசின் பொறுப்பாக்கியிருக்கிறது. ஆகவே பெரும்பழி அமைப்பைச் சேரும். அறியாமை குற்றமல்ல. ஆயினும் அறியாமையை அறிந்தும் அப்படியே இருப்பது குற்றம்தான். எது புரியவில்லை, எப்படிச் சொன்னால் புரியும் என்று மாணவரிடமே கேட்பதற்கு அரசாணை வேண்டியதில்லை.

சிலருக்காக இவ்வளவு செலவா என்பது அடுத்த மறுப்பு. பார்வையற்ற இரு ஆஸ்திரேலியர்கள் உருவாக்கிய என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. பெரும்பாலும் குறைவது பணமல்ல, அதைச் சொல்லித்தரத் தெரிந்தவர். அன்றியும், கடன் என்பது தலைகளை எண்ணிப் பார்த்துத் தீர்க்கப்படுவதல்ல. ஒரே மாணவர் அமர்ந்திருந்தாலும் அது முழுக்கடனே. எனவே பார்வையற்றோருக்குக் கற்பிக்கும் முறையைப் பயிற்றுநர் பணிக்கான கட்டாயத் தகுதியாக்க வேண்டும். அதுவரை அவர்களைச் சேர்த்துக்கொண்டோம் என்று எந்த நிறுவனமும் பெருமை கொள்ள இடமில்லை.