அறியாதார் அளிக்கும் உறுதி

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது பட்டிப்பொல. ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோருக்கு அது ஒரு வாயில். அக்குளிரில் தேநீரையும் சுடச்சுட வடையையும் நாடுவது இயல்பே. அங்ஙனம் வந்த பயணி ஒருவர், "இதில் இறால் உண்டா?" என வினவுவதாகக் கொள்வோம். "இல்லை ஐயா, இது பருப்பு வடை" என்கிறார் விற்பவர். அவர் கூற்றிற் பொய்யில்லை. ஆயினும், இறால் வடை பொரித்த எண்ணெயிலேயே அதுவும் பொரிக்கப்பட்டிருப்பின், இறால் ஒவ்வாதவருக்கு அவ்வெண்ணெயே தீங்காகலாம். ஒவ்வாமையை விளைக்கும் இறாற் புரதம் சூட்டினால் எளிதில் அழிவதில்லை. பொய்யுரையாத ஒருவரின் சொல்லை நம்பி உயிருக்கு ஊறு நேருமாயின், அப்பழி யாரைச் சாரும்?

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், ஒவ்வுவதை அறிந்து உண்ணும் கடமையை உண்பவரிடமே வைத்தார். தம் வீட்டு அடுப்பிற் சமைத்து உண்பவருக்கு அது முற்றும் பொருந்தும். கடையில் உண்பவரோ அடுப்பங்கரையைக் காண்பதில்லை. கேட்பதோடு அவரால் இயன்றது முடிந்துவிடுகின்றது. அதற்கப்பால் அவர் பிறருடைய அறிவை நம்பியே உண்கின்றார்.

2014 ஜனவரியில் இங்கிலாந்தின் வட யோர்க்ஷயரில், கச்சான் ஒவ்வாத ஒருவர், கொட்டை வகை எதுவும் வேண்டாம் எனக் கூறிக் கறியுணவு வாங்கினார். பொதியின் மூடியிலும் அவ்வாறே எழுதப்பட்டிருந்தது. உண்டவர் இறந்தார். பாதாம் மாவுக்குப் பதிலாகக் கச்சான் கலந்த மலிவான மாவைக் கடை உரிமையாளர் பயன்படுத்தியமை விசாரணையில் வெளிப்பட்டது. 2016இல் நீதிமன்றம் அவருக்கு 6 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மூடியில் இருந்த சொல், சட்டியில் இருந்த பொருளை அறியாத வெறுஞ் சொல்லாயிற்று.

உணவகங்களில் ஒவ்வாமை பற்றிய பயிற்சியை வேண்டும் சட்டத்தை அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலம் 2009இல் இயற்றியது. சிறு கடைகளுக்கு இது சுமையன்றோ என்பர் சிலர். கற்க வேண்டியன சிலவே: வேறு எண்ணெய், வேறு கரண்டி, மூச்சுத் திணறலும் தொண்டை வீக்கமும் ஆபத்தின் அறிகுறிகள் என்னும் தெளிவு, யாவற்றிலும் மேலாக, ஐயமுள்ளபோது 'இல்லை' என்னாது, 'விசாரித்துச் சொல்கின்றேன்' என்னும் துணிவு.

மலையகத் தோட்டங்களிலிருந்து கொழும்பின் சாப்பாட்டுக் கடைகளுக்கு வேலைக்குச் செல்லும் நம் இளைஞர் பலர். அவர்களுக்குரிய மொழியில் இவ்வறிவை ஊட்டாது, தீங்கு நேர்ந்தபின் அவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவது நீதியாகாது. எனவே, பயிற்சி உண்பவரின் உயிருக்குக் காவல். பரிமாறுபவரின் மனச்சான்றுக்கும் அதுவே காவல். அதனை அளிக்கும் கடமை, அவர்தம் உழைப்பால் ஊதியம் பெறும் உரிமையாளரையும், கடை நடத்த அனுமதி வழங்கும் அரசையுமே சாரும்.