வெறும் படகு



நம் பங்கின் சில குடும்பங்கள் சென்ற வாரம் பஸ் ஏறிக் கோவளம் போய் வந்தன. காஞ்சீபுரம், செங்கற்பட்டு வழியாக நெடுந்தூரப் பயணம். நடுச்சாமத்தில் புறப்பட்டால்தான் வெயில் ஏறுமுன் கடலைக் காணலாம். லாங் பஜாரில் மூட்டை இறக்கும் கூச்சலிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த அமைதி விநோதமாயிருந்தது. ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டார்கள்!

அங்கே கார்மேல் மாதா கோவிலை 1808-ல் கட்டியவர் ஜான் தெ மோந்தே என்னும் போர்த்துக்கீசிய வர்த்தகர். தம் பெருஞ்சொத்தைத் தருமத்துக்கு எழுதிவைத்த அவர் அந்தக் கோவிலிலேயே அடக்கமாயிருக்கிறார். நம் கடைக்காரர்கள் அந்தக் கல்லறையருகே சற்று நிற்பது நல்லது. மீன் பேரம் பேசி முடித்த பிறகானாலும் சரி.

நான் சொல்ல வந்தது கரையில் கண்ட காரியம். இரவெல்லாம் கடலில் கிடந்து வெறுங்கையாய்த் திரும்பிய இருவர் வலையை அலசிக்கொண்டிருந்தார்கள். "மீனே இல்லையே, ஏன் கழுவுகிறீர்கள்?" என்றான் நம் சிறுவன் ஒருவன். "மீன் வந்தாலும் வராட்டியும் பாசியும் சொறிமீனும் ஒட்டுமே தம்பி" என்றார் மூத்தவர். 2004 டிசம்பர் 26-ல் இந்தக் கரையோரத்தையெல்லாம் சூறையாடிய அதே கடலுக்குத்தான் மறுநாளும் போகவேண்டும்.

அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 5-ம் அதிகாரத்தில் இராயப்பரின் கூட்டாளிகள் செய்துகொண்டிருந்ததும் இதுவே. சேசுநாதர் ஏறி அமர்ந்தது மீன் நிறைந்த படகிலல்ல. நிறைந்திருந்தால் இராயப்பர் சந்தைக்கல்லவா ஓடியிருப்பார்? ஆண்டவர் உட்கார இடமேது? பிரசங்கம் முடியுமட்டும் ஒரு மீனும் அகப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். தூக்கக் கண்ணோடும், வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்ற கவலையோடுந்தான் அவர் கேட்டிருப்பார்.

இதை ஏன் எழுதுகிறேன்? தோல் ஷாப்பில் வேலை நின்றுபோன சில குடும்பத் தலைவர்கள் பல மாதமாய்ப் பூசைக்கு வருவதில்லை. விசாரித்தால், "கடன் அடையட்டும் சாமி, நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வருகிறேன்" என்கிறார்கள். காணிக்கைத் தட்டு வரும்போது கை வெறுமையாயிருப்பது வெட்கமாம். இந்த வெட்கம் தானாக முளைக்கவில்லை. உடுப்பைப் பார்த்து இடம் விடுகிறவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

வருகிற ஞாயிறு காலைப் பூசைக்கு அரைமணி முன்னதாகவே கோவில் வாசலில் நிற்பேன். பக்கத்து வீட்டாரே, அவர்களைக் கூடவே அழைத்து வாருங்கள். வரும் வழியில் கடன் பேச்சு வேண்டாம்.