தூரத்தில் நிற்பவர்கள்

2004 டிசம்பர் 26இல் களுத்துறைக் கரையைச் செய்மதியொன்று எடுத்த படத்தைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கரையோரத்தில் கடல் சுருள் சுருளாகச் சுழல்கிறது. உண்மையைச் சொன்னால் படம் அழகாயிருக்கிறது. அந்த அழகுதான் என்னை உறுத்துகிறது. அன்று இந்நாட்டில் மாண்டவர்கள் 30,000 பேருக்கும் மேல். படத்தில் ஒருவரும் தெரியவில்லை.

இந்த உறுத்தலோடுதான் எச். ஜீ. வெல்ஸ் 1897இல் எழுதிய 'நட்சத்திரம்' சிறுகதையை மீண்டும் எடுத்தேன். ஆசிரிய கலாசாலை நாட்களில் படித்தபோது அதன் வானியல்தான் பிடித்திருந்தது. விண்வெளியிலிருந்து வந்த பொருளொன்று நெப்டியூனுடன் மோத, இரண்டும் எரியும் ஒரே கோளமாகிச் சூரியனை நோக்கி விழுகின்றன. வழியில் பூமி. பனி உருகுகிறது, நிலம் நடுங்குகிறது, கடல் மதிலாக எழுந்து ஊர்களுக்குள் வருகிறது. இரவிரவாக விழித்துக் கணக்குப் பார்த்த கணித ஆசான் ஒருவர், வருவது அழிவு என்று கண்ட பின்னும், அந்த நட்சத்திரம் தன் சிறு மூளைக்குள் அடங்கிவிட்டதாகப் பெருமை கொள்கிறார். கரும்பலகையோடு சீவிக்கும் எனக்கு அவரை விளங்குகிறது. ஆனால் மனதில் நிற்பவள், ஓரிரு வரிக்குள் வந்து போகும் ஒரு பெண். இறந்துபோன தன் உறவின் அருகே முழந்தாளிட்டிருக்கிறாள். வானத்துப் புதினம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

கதை முடிவில் செவ்வாய்க் கிரகத்து வானியலாளர்கள் பூமியைப் பார்த்து, துருவங்களின் வெண்மை சுருங்கியதைத் தவிரப் பெரிய சேதமில்லை என்று குறித்துக்கொள்கிறார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல முடியாது. தூரத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எட்கார் அலன் போ 1839இல் எழுதிய கதையில், வால்வெள்ளியொன்று காற்றிலுள்ள நைதரசனை அகற்றிவிட, எஞ்சிய ஒட்சிசனில் உலகம் தீப்பற்றுகிறது. அதைப் பற்றி இறந்த இருவர் மறுமையில் அமைதியாகப் பேசிக்கொள்கிறார்கள். அங்கே மரணமே தூரமாகிவிடுகிறது.

விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் 1896இல் தலை எண்ணெய்க் கம்பனியொன்றின் போட்டிக்கு எழுதிய வங்காளக் கதை வேறு மாதிரி. கல்கத்தாவை அச்சுறுத்திய புயலை, இலங்கைக்குக் கப்பலேறிய வழுக்கைத்தலையர் ஒருவர் எண்ணெய்ப் போத்தலைக் கடலில் கொட்டி அடக்கிவிடுகிறார்! எண்ணெய் சிற்றலையைத் தணிக்கும் என்பது பௌதிகம், மிச்சம் சிரிப்பு. இந்தச் சிரிப்பு என்னை உறுத்தவில்லை. சிரிப்பவர் அலைக்கு நடுவே நிற்கிறார்.

கடற்கோளுக்குப் பின் 'இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை' என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டோம். கடல் வராத ஊர்களிலிருந்தே அது அதிகம் வந்ததாக எனக்கு நினைவு. ஜனாஸாக்களைத் தூக்கியவர்கள் அப்படிப் பேசி நான் கேட்கவில்லை. வெல்ஸின் கதையில் எவருடைய பாவமும் கணக்கில் வருவதில்லை. அதனால் அது ஈமானில்லாத கதை என்று நண்பரொருவர் தள்ளிவிட்டார். எனக்கு உடன்பாடில்லை. காரணத்தை அல்லாஹ்வே அறிவான் என்று விடுவது ஒன்று. காரணத்தை நாமே எழுதி மையித்தின் மேல் ஒட்டுவது இன்னொன்று.

சென்ற தவணை பத்தாம் தரத்தில் இக்கதையைச் சொன்னேன். "செவ்வாய்க்காரங்களுக்கு அந்தப் பொம்பிளையத் தெரியலியா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது என்றேன்.

"அப்ப அவங்க எழுதினது பிழைதானே?"

பிழையென்று சொல்ல வாய் வரவில்லை. வெண்மை சுருங்கியது உண்மைதானே. மணியடித்துவிட்டது.