புரையும் கையும்

வயதானவருக்குக் கண் மங்கினால், “கண்ணில் புரை விழுந்திருக்கிறது” என்பார்கள் தஞ்சைப் பக்கத்தில். மருத்துவர் சொல்லும் ‘கேட்டராக்ட்’டிலும் விழுவதே பொருள். கிரேக்கத்தில் ‘கதர்ராக்டெஸ்’ என்றால் பாய்ந்து விழுவது. லத்தீனில் அது ‘கதராக்டா’ ஆகி, அருவிக்கும் மதகுக்கும் கோட்டை வாசலில் மேலிருந்து இறக்கும் கதவுக்கும் பெயரானது. கெட்ட நீர் இறங்கிக் கண்மணிக்குப் பின்னே உறைவதாகப் பழைய மருத்துவர்கள் நம்பினார்கள். அரபு மருத்துவமும் இதை ‘நீர் இறங்குதல்’ என்றே அழைத்தது. கல்லணையில் ஷட்டரை இறக்கியதும் வாய்க்கால் வற்றுவதைப் பார்த்தவர்களுக்கு ‘கதராக்டா’ என்ற பெயர் சட்டென்று விளங்கும்.

இதே நோயைச் சான்றாக வைத்துச் சைவ ஆசாரியர்கள் ஒரு பெரிய கேள்விக்கு விடை சொன்னார்கள். உயிரைக் கட்டியிருப்பது வெறும் அறியாமையா?

அப்படியென்றால் அறிவு வந்ததுமே கட்டு அவிழ வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் வாழ்ந்த அகோரசிவாசாரியாரின் மரபு இதை ஒப்பவில்லை. உயிரைக் கட்டும் அழுக்காகிய ஆணவ மலம் ஒரு பொருள். கண்ணை மறைக்கும் படலம் போன்றது. படலம் இருப்பதை அறிந்தால் மட்டும் பார்வை திரும்பாது, வைத்தியரின் கை வேண்டும். மலம் நீங்க இறைவனின் செயலாகிய தீட்சை வேண்டும். திருக்குறளிலும் ‘புரை’ குற்றத்தைக் குறிப்பதை இங்கே நினைக்கலாம்.

1705இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் பிரிசோ, இறந்தவர் ஒருவரின் கண்ணை அறுத்துப் பார்த்தார். உறைந்த நீர் எதுவும் அங்கே இல்லை. கண்ணின் வில்லையே மங்கிப்போயிருந்தது.

அதனால் சைவரின் உவமை பொய்த்துவிடவில்லை. ஆணவம் வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, செம்பில் களிம்புபோல் உடனிருப்பது என்பதே சித்தாந்தம். மங்கிய வில்லையும் கண்ணுக்குள்ளேயே இருப்பது. ஆனால் அதுவே பார்வை அல்ல. அதை எடுத்த பிறகும் காணும் திறன் மிஞ்சுகிறது. ஒன்று மட்டும் பொருந்தவில்லை: வில்லை பெரும்பாலும் முதுமையில்தான் மங்குகிறது, மலமோ அநாதி.

1798 முதல் 1832 வரை ஆட்சியிலிருந்த மன்னர் இரண்டாம் சரபோஜி, தஞ்சையில் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். அவர் காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகள், கையால் தீட்டிய கண் படங்களோடு, சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அந்த நோயாளிகள் எல்லாரும் தங்கள் கண் மங்கியது தெரிந்துதான் வந்தார்கள். தெரிந்தது போதாமல், இன்னொருவர் கையை நம்பி, இமையைத் திறந்து காட்டினார்கள்.