உண்மையாக இருந்தால்

ஜிமேட் போன்ற தேர்வுகளில் ஒரு வகைக் கேள்வி உண்டு. சின்னதாக ஒரு பத்தி: முதலில் இது நடந்தது, பின்னர் அது நடந்தது, ஆகவே இதுதான் அதற்குக் காரணம். கீழே ஐந்து விடைகள். 'இவற்றுள் எது உண்மையாக இருந்தால் இந்த வாதம் மேலும் வலுவடையும்?' ஜொகூர் பாருவில் சில பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். வழி எளிதுதான். வேறு காரணம் இல்லை என்று காட்டும் விடையைத் தேடு. காரணம் இல்லாத இடத்தில் விளைவும் இல்லை என்று காட்டும் விடையைத் தேடு. எந்த வழியில் இது அதை உண்டாக்கியது என்று விளக்குவதும் உதவும்.

உதாரணத்துக்கு நாங்கள் தூரம் போக வேண்டியதில்லை. 2019 மார்ச் 7ஆம் தேதி, பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. அருகிலிருந்த இரண்டு பள்ளிகளின் மாணவர்களுக்கு வாந்தி, மூச்சுத்திணறல். ஆற்றுநாற்றம்தான் காரணமா? உணவு ஒவ்வாமையாக இருக்கலாமே? ஒருத்தி மயங்கியதைப் பார்த்து மற்றவர்களும் பயத்தில் மயங்கியிருக்கலாமே? தர்க்கப்படி எல்லாமே நியாயமான கேள்விகள். பின்னர் காற்றில் பென்சீன், டொலுயீன், அக்ரிலோநைட்ரைல் போன்றவை இருந்ததாக அறிவித்தார்கள். வாதம் வலுவடைந்தது. 11ஆம் தேதி மீண்டும் மாணவர்கள் விழத் தொடங்கினார்கள். வாதம் இன்னும் வலுவடைந்தது. 13ஆம் தேதி பாசிர் கூடாங்கின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள்.

என்னை உறுத்துவது அந்த 'வலுவடைந்தது' என்ற சொல்தான். தேர்வுத்தாளில் 'உண்மையாக இருந்தால்' என்ற ஒரு சொற்றொடரில் சான்று இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. பாசிர் கூடாங்கில் அது ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் நுரையீரல் வழியாக வந்தது. நோயாளிகள் கூடக் கூட வாதம் பலமாகிறது என்றால், 'இன்னும் சான்று வரட்டும்' என்று காத்திருப்பதற்கு என்ன பொருள்? இன்னும் சிலர் விழட்டும் என்பதுதானே?

அதற்காகச் சந்தேகமே போதும் என்றும் சொல்ல மாட்டேன். கழிவைக் கொட்டியதாக ஒருவரைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தும்போது, அந்த ஐந்து விடைகளையும் ஒவ்வொன்றாகச் சலித்துத்தான் ஆக வேண்டும். குற்றமில்லாதவன் சிறைக்குப் போனால் இழந்த வருஷங்கள் திரும்பி வராது. பள்ளியைத் தவறாக மூடினாலோ, சில நாள் பாடம் போகும். பெற்றோர் லீவு எடுக்க வேண்டிவரும். அந்தச் சிரமமும் சிரமம்தான், ஆனால் சமாளித்துக்கொள்ளலாம். கதவைச் சாத்தவும் கைவிலங்கு மாட்டவும் ஒரே அளவு சான்று கேட்பது, பார்வைக்கு நடுநிலை மாதிரி இருக்கும். உண்மையில் அது காற்றைச் சுவாசிக்கிறவன் தலையில் சுமையை ஏற்றுவது.

அதே வருஷம் ஜூனில் மறுபடியும் மாணவர்களுக்கு மூச்சுத்திணறல். இந்த முறை, இதோ இந்த ஆறு என்று உடனே கைகாட்ட முடியவில்லை. காரணவாதம் மார்ச்சைவிட பலவீனம். ஆனாலும் பள்ளிகளை மூடினார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ எவ்வளவு சான்று இருந்தா போதும் சார்?" அதற்குத் தேர்வில் விடை கிடையாது. என்ன செய்யப் போகிறோம், நாம் தவறாக இருந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். சான்றின் அளவை அதற்குப் பிறகுதான் பேச முடியும்.