பராங்குசன் என்னும் திருநாமம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரியாழ்வார் திருமொழியில் நாலாம் பத்து ஆறாம் திருமொழி, பிள்ளைகளுக்குப் பெயரிடுவதையே பொருளாகக் கொண்டது. காசுக்கும் கரை போட்ட கூறைக்கும் ஆசைப்பட்டு, கொடுத்தவன் மனம் மகிழும்படி அவன் குலத்துப் பெயரைத் தம் பிள்ளைக்கு இடுகிறவர்களைப் பார்த்து ஆழ்வார் பரிந்து பேசுகிறார். பிச்சை புகுந்து உண்ண நேர்ந்தாலும் எம்பெருமான் திருநாமத்தையே இடுங்கள் என்கிறார். அப்படிப் பெயர் பெற்ற பிள்ளையின் தாய் நரகம் புகமாட்டாள் என்று பாட்டுத்தோறும் அறுதியிடுகிறார். இதைச் சொல்பவர் வறுமையால் பொன்னை வெறுத்தவரல்லர். பாண்டியன் சபையில் பரதத்வத்தை நிலைநாட்டிப் பொற்கிழி அறுத்த கையோடு வந்தவர். பொன்னின் அருமை தெரிந்தவர் பொன்னுக்குப் பெயரை விற்காதீர்கள் என்றால், அந்த வார்த்தைக்குத் தனிக் கனம் உண்டு. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிச்செய்த வ்யாக்யானத்தில் பெரும்பகுதி மறைந்துபோக, மறைந்த அளவுக்கு மணவாள மாமுனிகள் உரையிட்டருளினார் என்பது ப்ரஸித்தம். இத்திருமொழியை நாம் அவருடைய உரையின் துணையால்தான் அனுபவிக்கிறோம்.

இத்திருமொழியை ஆரணியை அடுத்த கண்ணமங்கலத்தில் சொல்லும் பாக்யம் அடியேனுக்கு ஒருமுறை வாய்த்தது. ஊர்ப் பெயரைச் சொல்லும்போதே கண்ணன் திருநாமம் வாயில் வந்துவிடுகிறது. வேலூர்ச் சாலையில் உள்ள அவ்வூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டுத்தறி ஓசையைக் கேட்கலாம். 'கரை போட்ட கூறை' என்றவுடன் அங்கிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மற்ற ஊர்களில் இந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டியிருக்கும். அங்கே வேண்டியிருக்கவில்லை. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாகக் கோர்வை போட்டு நெய்வது எவ்வளவு கண்ணும் கையும் கேட்கும் வேலை என்று அவர்களுக்குத் தெரியும். அதைக் கொடுத்து ஒருவன் தன் பெயரைப் பிறர் வீட்டுப் பிள்ளைமேல் ஏற்றினான் என்றால், அது சிறிய விலையன்று.

உபந்யாஸம் முடிந்தபின் ஒரு பெரியவர் வந்தார். தறியிலேயே வயதானவர். "சாமி, எம் பேரனுக்கு இந்த ஊர்ல எவனுக்கும் இல்லாத பேரா ஒண்ணு சொல்லுங்க. பெருமாள் பேராவும் இருக்கணும். எங்க தெருவுல ஏற்கெனவே நாலு வரதன்" என்றார். காஞ்சிக்கு அருகிலுள்ள சீமையில் நாலு வரதன் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அவர் கேள்வி எளிதானதன்று. எவனுக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்ற ஆசையும், எல்லாருக்கும் ஸ்வாமியானவன் பெயர் வேண்டும் என்ற ஆசையும் ஒரே நெஞ்சில் இருந்தன. இன்று உலகெங்கும் நம் க்ருஹங்களில் இந்த இரண்டு ஆசைகளும் மோதிக்கொண்டுதான் இருக்கின்றன.

அவருக்கு அடியேன் சொன்ன திருநாமம் பராங்குசன்.

இது நம் ஸம்ப்ரதாயத்தில் அரிதாக வழங்கும் ஆண்பிள்ளைப் பெயர். வரதன், ரங்கன், ராமாநுஜன், சடகோபன் என்று அழைத்தால் எந்தக் கோஷ்டியிலும் யாராவது திரும்பிப் பார்ப்பார். பராங்குசன் என்று அழைத்தால் திரும்பிப் பார்ப்பவர் அரிது. தெலுங்கு தேசத்தில் பராங்குசம் என்பது குடும்பப் பெயராக வழங்குகிறது. அஹோபில மடத்தின் ஆறாம் பட்டத்தை அலங்கரித்த ஜீயர் ஷஷ்ட பராங்குச யதி என்றே அறியப்படுகிறார். நம் செவிக்கு மிகப் பழகியதோ பராங்குச நாயகி என்பதுதான். ஆழ்வார் தலைமகள் பேச்சாகப் பாடும் பதிகங்களில் அவரை அப்படித்தான் அழைக்கிறோம். ஆக, ஒரு நாயகியின் பெயராக ஊரறிந்த திருநாமம், பிள்ளையின் பெயராக மட்டும் அருகிவிட்டது.

இதன் தோற்றம் எங்கே? 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பாண்டியன் அரிகேசரி மாறவர்மனுக்குப் பராங்குசன் என்ற பட்டம் இருந்தது. பரர் என்றால் பகைவர், அங்குசம் என்றால் யானைப் பாகன் கைத் தோட்டி. பகையரசராகிய யானைகளை அடக்கும் தோட்டி என்பது அரசனுக்கு ஏற்ற பொருள். ஆழ்வார் அவதரித்த திருக்குருகூர் பாண்டிய நாட்டுத் திருப்பதி. மாறன் என்பதும் பாண்டியர் பெயரே. ஆயினும் ஆழ்வாரிடம் வந்தவுடன் இவ்விரண்டு பெயர்களும் பொருள் மாறின. பிறந்த குழந்தை அழவில்லை, பாலுண்ணவில்லை. உலக நடைக்கு மாறாக இருந்ததால் மாறன் என்று காரியாரும் உடையநங்கையாரும் பெயரிட்டார்கள் என்கிறது குருபரம்பரை. ஊரார் யாரைப்போலும் இல்லாத பிள்ளைக்கு இட்ட பெயர் அது. கண்ணமங்கலத்துப் பெரியவர் கேட்ட 'தனிப் பெயர்' என்பதன் உண்மையான பொருள் அங்கே இருக்கிறது. பெயர் வேறாக இருந்ததால் பிள்ளை வேறாகவில்லை. பிள்ளை வேறாக இருந்ததால் பெயர் வந்தது.

பராங்குசன் என்பதற்குப் பெரியோர் பரமத வாதிகளாகிய மதயானைகளுக்கு அங்குசம் போன்றவர் என்று பொருள் கூறுவர். வேறொரு நிர்வாஹமும் உண்டு. பரன் என்பது பரம்பொருளையே குறிக்கும். அவனையே தம் பக்தியால் வசப்படுத்தி நிறுத்திய அங்குசம் என்பது அது. அடியேன் மனத்துக்கு இரண்டாவதே அதிகம் இனிக்கிறது. பிறரை அடக்குவதற்கு அரசன் போதும். அவனை அடக்க ஆழ்வார் வேண்டும்.

ஆழ்வார் தம் பதிகங்களின் முடிவில் தம்மைச் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் சடகோபன் என்றே. மாறன், காரிமாறன் என்று சொல்லும் இடங்களும் உண்டு. அதற்கு மேல் திருக்கோயில்தோறும் ஸ்ரீசடகோபம் நம் தலையில் வைக்கப்படுகிறது. பிறகு சடகோபன் என்ற பெயர் பரவாமல் எப்படி இருக்கும்? பராங்குசன் என்பதற்கு அந்த வாய்ப்பில்லை. அது ஆழ்வாரை அனுபவித்தவர்கள் வாயிலிருந்து வந்த பெயர். அதை ஒரு குழந்தைக்கு இட்டுத் தொடங்கிவைத்தவர் எம்பெருமானார்.

ஆளவந்தார் பரமபதித்தபோது அவருடைய திருக்கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. பெரிய நம்பியோடு விரைந்து வந்தும், உயிரோடு ஸேவிக்கப் பெறாமல் நின்ற ராமாநுஜர், அம்மூன்றும் ஆளவந்தாருடைய நிறைவேறாத மூன்று விருப்பங்கள் என்று உணர்ந்தார். ப்ரஹ்மஸூத்ரத்துக்கு பாஷ்யம் இடுவது ஒன்று. வ்யாஸ பராசரர்களிடம் உள்ள நன்றியை வெளியிடுவது ஒன்று. நம்மாழ்வாரிடம் உள்ள பரிவைக் காட்டுவது ஒன்று. ஒவ்வொன்றையும் நிறைவேற்றுவேன் என்று அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு விரலும் நிமிர்ந்தது.

முதல் வாக்கு ஸ்ரீபாஷ்யமாயிற்று. மற்ற இரண்டையும் நிறைவேற்ற அவர் கைக்கொண்ட வழிகளில் முக்யமானது குழந்தைகளுக்குப் பெயரிடுவது. கூரத்தாழ்வானுடைய திருக்குமாரர் இருவருக்கும் பராசரர் என்றும் வேதவ்யாஸர் என்றும் திருநாமம் சாற்றினார். எம்பாருடைய தம்பி சிறிய கோவிந்தப் பெருமாளுக்குப் பிறந்த பிள்ளைக்குப் பராங்குச நம்பி என்று பெயரிட்டார். பெரிய திருமலை நம்பியின் குமாரரைத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் என்று அழைத்ததும் ஆழ்வார் ஸம்பந்தத்தாலேயே. ஒரு மஹாசார்யனுடைய கடன் தொட்டிலில் வைத்துத் தீர்க்கப்பட்டது. கல்லில் வெட்டியிருக்கலாம், மண்டபம் எழுப்பியிருக்கலாம். அவற்றை நாளுக்குப் பத்துத் தடவை யார் வாயால் அழைக்கப் போகிறார்கள்? வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் உண்ணவும் உறங்கவும் அழைத்தாக வேண்டும். அழைக்கும்போதெல்லாம் ஆழ்வார் திருநாமம் வரும்.

இவர்களில் பராசர பட்டர் ஸஹஸ்ரநாமத்துக்கு பாஷ்யமிட்டு, ஒவ்வொரு திருநாமமும் ஒரு குணத்துக்குக் கண்ணாடி என்று காட்டினார். பிள்ளான் திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி அருளினார். பராங்குச நம்பியைப் பற்றிக் குருபரம்பரை விரித்துப் பேசுவதில்லை. அவர் பிறந்தார், அப்பெயர் பெற்றார் என்பதே நமக்குப் பெரிதாக நிற்கிறது. இது குறையன்று. பிள்ளை பெரிய வித்வானாவான் என்று எண்ணி உடையவர் பெயரிடவில்லை. அந்த வீட்டில் அந்தப் பெயர் ஒலித்தபோதே வாக்கு நிறைவேறிவிட்டது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். பெரியாழ்வார் எம்பெருமான் பெயரை இடச் சொன்னார். உடையவர் அடியார் பெயரை இட்டாரே? மேலும் ஆழ்வார் அதே திருமொழியில் 'நம்பி, பிம்பி' என்று நாட்டில் வழங்கும் மானிடப் பெயர்கள் நாலு நாளில் அழிந்துபோம் என்கிறார். உடையவர் இட்ட பெயரிலோ நம்பி என்பதே இருக்கிறது! ஆழ்வார் கழிப்பது எதிரொலியாக வாய்க்கு வந்ததைச் சேர்த்துச் சொல்லும் பொருளற்ற பெயரை. நம்பி என்ற சொல்லையே அவர் வெறுக்கவில்லை. அதே பாசுரத்தில் கேட்பவர்களை நம்பிகாள் என்றுதான் விளிக்கிறார். குண பூர்த்தியுடையவன் நம்பி. திருக்குறுங்குடியில் நிற்பவனுக்கும் அதுவே திருநாமம். அடியார் பெயரைப் பற்றியோ கேட்கவே வேண்டா. அவன் பெயரைச் சொன்னால் அவன் மகிழ்வான். அவனுக்கு உயிரானவர் பெயரைச் சொன்னால் இன்னும் மகிழ்வான். (பெரியாழ்வார் தாமும் தம் பெண்பிள்ளைக்குக் கோதை என்றே பெயரிட்டார். கோதை என்றால் மாலை. மாலை யாருக்கு என்பது நமக்குத் தெரியும்.)

அத்திருமொழியில் பலன் பெயரிட்டதற்கு மட்டும் சொல்லப்படவில்லை. பெயரிட்டு அழைத்தால் என்று சொல்லப்படுகிறது. நரகம் புகாதவளாகச் சொல்லப்படுபவளும் பெயரைப் பெற்ற பிள்ளையல்லன், அழைத்த தாய். அஜாமிளன் தன் பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டிக்கு நாராயணன் என்று பெயரிட்டிருந்தான். அந்திம காலத்தில் அவனைக் காத்தது எப்போதோ பெயரிட்ட செயலன்று, அப்போது கூப்பிட்ட குரல். ஆகவே பெயர் என்பது சுமப்பவனுடைய உடைமையன்று. அது அழைப்பவர்களுடைய வாய்க்கு இட்ட ப்ரஸாதம். தெருவில் நாலு வரதன் இருந்தால் அந்தத் தெருவுக்கு நாலு மடங்கு லாபம் என்றே கொள்ள வேண்டும்.

இதைச் சொன்னபோது பெரியவர் சிரித்தார். "அப்போ அஞ்சாவது வரதனா வச்சாலும் தப்பில்லையா சாமி?" என்றார். தப்பில்லை என்றே சொன்னேன். பராங்குசன் என்று வைத்தால் அப்பெயரின் அருமைக்காக வைக்க வேண்டா, ஆளவந்தார் விரலை நினைத்து வையுங்கள் என்றும் சொன்னேன்.

வெளிதேசங்களில் வாழும் ஸ்வாமிகளுக்கு ஒரு விண்ணப்பம். பள்ளிக்கூடத்தில் வாயில் நுழையாது என்று இத்திருநாமங்களை முதல் இரண்டு எழுத்தாகக் குறுக்கும் வழக்கம் பெருகிவருகிறது. பள்ளியில் எப்படியோ போகட்டும். வீட்டில் 'பரா' என்று கூப்பிட்டால் அங்குசம் எங்கே போயிற்று? சான்றிதழில் இருக்கும் முழுப் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. அம்மா, பாட்டி, அத்தை மூவராவது தினமும் ஒரு தடவை முழுதாக அழைத்தால், உடையவர் அக்குழந்தைக்கு ஏன் பெயரிட்டாரோ அது நடக்கும்.

பிறந்தபோது எந்தப் பெயர் வாய்த்தாலும், பஞ்சஸம்ஸ்காரத்தில் ஆசார்யன் தாஸ்ய நாமத்தை அளிக்கிறார். எம்பெருமானாருடைய ஆசார்யரான பெரிய நம்பிக்கே பராங்குச தாஸர் என்ற திருநாமம் உண்டு. மதுராந்தகத்தில் மகிழ மரத்தடியில் அவர் இளையாழ்வாருக்கு த்வயத்தை உபதேசித்தபோது, பின்னாளில் அச்சீடர் ஒரு தொட்டிலருகே நின்று சொல்லப்போகும் பெயரின் பாதி அந்த ஆசார்யரிடமே இருந்தது.

அடியேன் ராமாநுஜ தாஸன்